நிற்காத இஞ்சினும் ஒரு பாலைக்கட்டையும்

அக்கா வீட்டு முன்கதவு கச்சான் காற்றுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சனத்தில் யாரோ ஒருவர், சத்தம் தாங்காமல், வளவிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்துவந்து கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டார். ஒரு முழ நீளம், ஒரு பக்கம் ஆப்பு போலச் சரித்துச் சீவியது, கறுத்துப்போன பாலை மரம். குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்த நான் அதைக் கண்டதும் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கட்டையை இழுத்து எடுத்தேன். கதவு படாரென்று அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். துக்கவீட்டில் நின்று ஒரு விறகுத் துண்டுக்காகக் கோபப்படுகிறவளைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. நினைத்தால் நினைக்கட்டும். அது கதவுக்கு வைக்கிற கட்டை இல்லை. அது அத்தானின் கட்டை.

அத்தான் என்றால் என் அக்காவின் புருசன். கரடியனாற்றில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான்; மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். அப்படி அத்தானும் தேற்றாத்தீவுக்கு வந்தார். வந்தது ஒரு பழைய உழவு இயந்திரத்தில். அதை வாசலில் நிறுத்தி இறங்கினார். ஆலத்தி எடுத்தார்கள், பாலும் பழமும் கொடுத்தார்கள், சாப்பாடு நடந்தது, வெற்றிலை போட்டார்கள். அவ்வளவு நேரமும் இயந்திரம் வாசலில் டக்கு டக்கென்று ஓடிக்கொண்டேதான் நின்றது. கடைசியில் எங்கள் பெரியப்பா பொறுக்கமாட்டாமல், "என்ன மருமகன், இரிக்கிற யோசனையா, இப்பவே கிளம்பிற யோசனையா?" என்று கேட்டுவிட்டார். சபையே சிரித்தது. அத்தானும் சிரித்தார். ஆனால் எழும்பிப் போய் அதை நிப்பாட்டவில்லை.

அதுதான் அவர். கடைக்குப் போனால் மோட்டார் சைக்கிள் கடை வாசலில் ஓடிக்கொண்டிருக்கும். கோயிலுக்குப் போனால் பூசை முடியும்வரை வீதியில் ஓடிக்கொண்டிருக்கும். பூசகர் ஒருமுறை, "சாமிக்கு மணிச்சத்தம் கேக்க வேணாமா தம்பி?" என்று கேட்டாராம். அக்கா சும்மா இருக்கிற ஆளா? "எண்ணெய என்ன வாவியிலயா அள்ளுறீங்க?" என்று ஒவ்வொரு நாளும் ஏசுவாள். அத்தானிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் இருந்தது. "நிப்பாட்டுறது லேசு புள்ள. எழுப்புறதுதான் பாடு."

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு காலம் இருந்தது. சண்டைக்காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுபோக முடியாது. தடைசெய்த பொருள். இருந்த பற்றரிகள் செத்துப்போக, உழவு இயந்திரங்கள் பற்றரி இல்லாமலே ஓடின. காலையில் சரிவில் உருட்டிவிட்டு, ஓட்டத்தில் கிளச்சை விட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிறகு பொழுதுபடும்வரை அதை நிப்பாட்டக்கூடாது. மட்டக்களப்பில் எங்கே சரிவு இருக்கிறது? வட்டை என்று நாங்கள் சொல்லும் அந்த வயல்வெளி முழுவதும் உள்ளங்கை மாதிரிச் சமன். இருக்கிற ஒரே மேடு குளக்கட்டுத்தான். அங்கே ஏற்றி விட்டு, சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அத்தான் பதினைந்து வயதில் அப்படித்தான் இயந்திரம் ஓட்டப் பழகினார். அந்தக் கட்டைதான் இந்தப் பாலைக்கட்டை.

தேற்றாத்தீவுக்கு வந்த பிறகு புதுப் பற்றரி வாங்கினார். திறப்பைத் திருப்பினால் இஞ்சின் எழும்பும். இருந்தும் வளவின் மூலையில் மண் போட்டு ஒரு மேடு கட்டி, ஒவ்வொரு பின்னேரமும் இயந்திரத்தை அதன்மேல் ஏற்றி, சில்லுக்குக் கட்டையும் வைத்தார். அக்கா அதற்கு "அவர்ட மலை" என்று பேர் வைத்தாள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு ஓலைப்பாய் அகலத்தில் கிடக்கிற எங்கள் ஊரில் இருந்த ஒரே மலை அதுதான்.

நான் படித்து, கலியாணம் முடித்து, அவுஸ்திரேலியாவுக்குப் போனேன். போன இடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. சுரங்கம் என்றதும் விளக்குத் தொப்பி போட்டுக்கொண்டு பொந்துக்குள் போவது என்று நினைக்கவேண்டாம். அது ஒரு பள்ளம். கரடியனாற்று வட்டை முழுவதையும் உள்ளே இறக்கினாலும் நிரம்பாது. அதன் விளிம்பில், கண்ணாடி போட்ட ஒரு கட்டுப்பாட்டு அறையில் நான் இருந்தேன். எந்த லொறி எந்தக் கரியை எங்கே கொண்டுபோவது என்று வானொலியில் சொல்வது என் வேலை. லொறி என்றால் எங்கள் ஊர் நெல் லொறி இல்லை. சில்லே இரண்டு ஆள் உயரம். சாரதி ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும்.

சில வருசம் கழித்து அத்தானையும் அங்கே எடுத்தோம். பாரவாகனம் ஓட்ட ஆள் தேவைப்பட்ட காலம். வேலை நிரந்தரமானால் அக்காவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் எடுக்கலாம். எங்கள் எல்லோருடைய கணக்கும் அதுதான். அக்கா அப்போதே பிள்ளைகளுக்குக் குளிருடுப்புத் தேடத் தொடங்கிவிட்டாள், அந்த ஊர் எங்கள் ஊரைவிட வெக்கை என்று நான் எத்தனை தரம் சொல்லியும். அத்தான் விமானத்தில் வந்து இறங்கியபோது பெட்டிக்குள் கட்டை இருந்தது. அந்த நாட்டுக்குள் ஒரு விதைகூடக் கேள்வியில்லாமல் நுழைய முடியாது. அதிகாரிகள் கட்டையைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தார்கள், என்னத்துக்கு என்று கேட்டார்கள். "சில்லுக்கு" என்றார் அத்தான். மருந்தடித்து, ஒரு முத்திரையும் ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். அதை லொறியின் கபினில், இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மற்றச் சாரதிகள் அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சில்லுக்கு அந்தக் கட்டை யானைக்கு வைத்த பல்லுக்குச்சி.

அந்த நாட்களில்தான் சுரங்கத்தில் புகையைக் குறைக்கும் வேலை தொடங்கியது. அதற்கென்று ஒரு மனேஜர் வந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற வெள்ளைக்காரர். அவருடைய அண்ணனின் பண்ணை காட்டுத்தீயில் முழுவதும் எரிந்துபோனது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நடிப்புக்கு வந்த ஆள் இல்லை. கரி இல்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த, கரி காவும் பட்டைகளை நிறுத்தவைத்தார். தண்ணீர் இறைக்கும் பம்பிகளைத் தேவைக்குத் தக்க வேகத்தில் ஓடவைத்தார். கரிப்படைக்குள் அடைபட்டிருக்கும் வாயு, தோண்டும்போது வெளியேறினால் புகையைவிடக் கேடானதாம். அதை முன்கூட்டியே குழாய் போட்டு எடுத்து மின்சாரமாக்கினார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. அவருடைய அறைச் சுவரில் ஓர் உலகப்படம். கடல் ஏறினால் முதலில் போகும் கரைகளுக்குச் சிவப்பு மை பூசியிருந்தது. ஒருநாள் நான் விரலால் தேடிப்பார்த்தேன். எங்கள் கரையிலும் ஒரு நூல் அளவு சிவப்பு இருந்தது. அன்றிலிருந்து அவர் சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஏன் எடுக்கமாட்டேன்? அந்த நூலுக்குள்தான் அக்கா வீடு இருந்தது.

பள்ளத்துக்குள் மிகப்பெரிய வீண்செலவு நிற்கிற லொறிகள். கரி அள்ளும் இயந்திரத்தின் முன்னால் வரிசையில் காத்து நிற்கும்போது ஒவ்வொன்றும் சும்மா நின்றபடியே டீசல் குடிக்கும். வெக்கைக்குக் கபினைக் குளிராக வைக்கத்தான் இஞ்சினை ஓடவிடுகிறோம் என்று சாரதிகள் சொன்னார்கள். நியாயம்தான். மனேஜர் அதற்கென்று தனிப் பற்றரி பூட்டிக் குளிரூட்டியை ஓடவைத்தார். இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. வரிசையில் நின்றால் பிரேக்கைப் போட்டு இஞ்சினை நிப்பாட்டு. அவ்வளவுதான் கட்டளை. நிப்பாட்டாத லொறி என் திரையில் சிவப்பாகத் தெரியும். நான் வானொலியில் ஞாபகப்படுத்தவேண்டும். ஒரு கிழமைக்குள் எல்லா லொறியும் பச்சையாகிவிட்டது. ஒன்றைத் தவிர.

அது யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

வானொலியில் ஆங்கிலம்தான் பேசலாம். "இஞ்சினை நிறுத்தவும்" என்று ஆங்கிலத்தில் சொல்வேன். "சரி" என்று மரியாதையாகப் பதில் வரும். சிவப்பு மாறாது. வேலை முடிந்து வரும்போது காரில் வைத்துக் கேட்பேன். "ஏன் அத்தான் இப்படிச் செய்யிறீங்க? அந்த லொறியில பற்றரி ஒண்டில்ல, கனக்கக் கிடக்கு. திருப்பின உடன எழும்பும்."

"தெரியும் மச்சாள்."

"தெரிஞ்சா ஏன்?"

"கை போகுதில்ல." பிறகு பகிடியாக மாற்றிவிடுவார். "அதவிடு. இவனுகள் நெருப்பத் தோண்டிக் கப்பல் கப்பலா விக்கிறானுகள். எனக்கு வந்து பீடிய அணைக்கச் சொல்றானுகள். இது என்னகா ஞாயம்?"

நான் சிரித்தேன், ஆனால் அந்தக் கேள்வி சரியான இடத்தில் குத்தியது. பள்ளத்திலிருந்து வெளியே போன ரயில்பெட்டிகள் ஒருநாளும் குறையவில்லை. கரி அகழ்வதை நிப்பாட்டு என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அகழ்கிறபோது இஞ்சினை மட்டும் நிப்பாட்டச் சொன்னார்கள். எங்கள் நாட்டிலும் கரி எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்; அக்கா வீட்டு விளக்கில் எரிந்ததும் எங்கோ ஒரு பள்ளத்துக் கரியாகத்தான் இருக்கும். இதையெல்லாம் மனேஜரிடம் ஒருநாள் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "என் கைக்கு எட்டுவதை நான் செய்கிறேன்" என்றார். எட்டுவதைக்கூடச் செய்யாத உலகம்தானே இது.

அத்தானைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். பிறகு கடிதம் கொடுத்து எச்சரித்தார்கள். அக்காவின் கணக்கு ஆடத் தொடங்கியது. நான் தொலைபேசியில் அக்காவிடம், "நீயாவது சொல்லன் கா, இந்தப் பழக்கத்தால வேல போகப்போகுது" என்று கத்தினேன். அக்கா வழக்கம்போல ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் ஏசவில்லை. "உனக்கு அந்தக் கத தெரியாதா தங்கச்சி?" என்று கேட்டாள். அன்றுதான் எனக்கு அது தெரியவந்தது.

அத்தானின் தாயைப் பாம்பு கடித்திருக்கிறது, கதிர் வெட்டப்போன இடத்தில். மாரி முடிந்தும் முடியாத காலம். தாயை இழுவைப் பெட்டியில் கிடத்திக்கொண்டு, தகப்பன் தலையை மடியில் பிடித்துக்கொள்ள, அத்தான் உழவு இயந்திரத்தைப் பட்டணத்து ஆசுப்பத்திரிக்கு விரட்டியிருக்கிறார். வழியில் ஓர் இராணுவக் காவலரண். இஞ்சினை நிப்பாட்டு என்றிருக்கிறார்கள். பற்றரி இல்லை, நிப்பாட்டினால் எழும்பாது என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அவர்களுக்குப் பாசை விளங்கவில்லை. சிப்பாயின் துவக்கு நீண்டது. நிப்பாட்டினார். பார்த்தார்கள், போகச் சொன்னார்கள். சமதரை, சேறு, தள்ளுவதற்குத் தகப்பனைத் தவிர ஆளில்லை. அத்தான் சில்லுக்குக் கட்டையை வைத்துவிட்டு நடுவீதியில் நின்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஆள் கூப்பிட்டிருக்கிறார். அந்த வெளியில் யார் இருந்தார்கள்? கடைசியில் நிப்பாட்டச் சொன்னவனே விளங்கிக்கொண்டு, துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடிவந்து தள்ளினானாம். இஞ்சின் எழும்பியது. தாய் எழும்பவில்லை. "அவர் எனக்கு ஒரு நாள்தான் சொன்னவர், மறுகா வாயே திறக்கல்ல" என்றாள் அக்கா. "நான் ஏசுறது எண்ணெய்க்கில்ல கா. ஏசினாலாவது அத மறந்து எனக்குக் கோவிப்பாரெண்டுதான்."

அடுத்த நாளே மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். முழுவதையும் கேட்டார். பிறகு உண்மையான நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார்: எப்படியும் எல்லா லொறிக்கும் தானாக நிற்கும் கருவி பூட்டப்போகிறோம், உன் அத்தானின் லொறிக்கு முதலில் பூட்டுகிறேன், பிறகு அவர் தன் கையால் நிப்பாட்டவேண்டிய பாரமே இல்லை. எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. அத்தானிடம் சொன்னேன். "ஓ, அப்பிடியா" என்றார். பூட்டினார்கள்.

பகல் பத்துமணி வெயில். திரையில் அத்தானின் லொறி வரிசையில் மூன்றாவதாக நின்றது. குறித்த நேரம் வந்ததும் சிவப்பு மாறிப் பச்சையாகியது. நான் பெருமூச்சு விட்டேன். அப்போது கமராப் படத்தில் அந்த லொறியின் கதவு திறந்தது. ஓடுகிற பள்ளத்துக்குள் கபினைவிட்டு இறங்குவது எந்தச் சாரதியும் கனவிலும் செய்யாத காரியம். அந்த லொறிகளின் மூக்குக்குக் கீழே ஓர் ஆள் நின்றால் சாரதிக்குத் தெரியாது. சின்னக் காரைக்கூட நசித்துவிட்டுத் தெரியாமல் போய்விடும். அத்தான் ஏணியால் இறங்கினார். கையில் கட்டை. அந்தப் பெரிய சில்லடியில் குந்தி, கட்டையை அண்டை கொடுத்து, காலால் ஒருதரம் உதைத்து இறுக்கினார். எழும்பினார். பிறகு கரி ஏற்றிக்கொண்டு போகிற லொறிகளின் பாதை நடுவே போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டத் தொடங்கினார்.

பள்ளத்துக்குள் இருந்தவர்கள் நெருப்பு என்று நினைத்தார்கள், விசர் என்று நினைத்தார்கள், என்னென்னவோ நினைத்தார்கள். அவ்வளவு பேரிலும் அந்தக் கையாட்டல் என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் தள்ளுவதற்கு ஆள் கூப்பிட்டார்.

அவசரக் கட்டளையை நான்தான் கொடுத்தேன். எல்லாரும் நில்லுங்கள், உள்ளே ஆள் நடமாட்டம். ஒன்றன்பின் ஒன்றாக முழுச் சுரங்கமும் நின்றது. அத்தனை லொறியும், அள்ளும் இயந்திரமும், தண்ணீர் வண்டியும். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தப் பள்ளத்தில் சத்தமில்லாமல் இருந்தது அப்போதுதான். மனேஜர் எத்தனை மாதம் பாடுபட்டும் என் திரை முழுவதும் ஒரேயடியாகப் பச்சையானதில்லை, அன்று ஆனது. அந்தப் பச்சைக்கு நடுவில் அத்தான் தனியே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் போகவில்லை. விதிப்படி மீட்புவண்டி வரும்வரை யாரும் இறங்கக்கூடாது. என்னால் அந்தக் கதிரையிலிருந்து எழும்பவும் முடியவில்லை, படத்தைப் பார்க்கவும் முடியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

கபினைவிட்டு இறங்கியவருக்கு அங்கே மன்னிப்பு இல்லை. அதையும் நான் பிழை சொல்லமாட்டேன். அந்த விதி இல்லாமல் செத்தவர்கள் இருக்கிறார்கள். வேலை போனது, வேலையோடு விசாவும், விசாவோடு அக்கா வாங்கி வைத்த குளிருடுப்புகளும். மனேஜர் கட்டையை ஒரு பைக்குள் போட்டு என்னிடம் கொண்டுவந்து தந்தார். மஞ்சள் அட்டையில் நாளும் இடமும் எழுதிக் கட்டையில் கட்டியிருந்தது. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவர்மேல் கோபப்பட எவ்வளவோ முயன்று பார்த்தேன். முடியவில்லை. யார்மேலும் கோபப்பட முடியாத துக்கம் இருக்கிறதே, அது நெஞ்சில் முள் மாதிரி, விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

விமான நிலையத்தில் அத்தான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மச்சாள், அந்த லொறி மறுகா எழும்பினதா?"

"எழும்பினது அத்தான். ஒரே அமத்தில."

"அப்ப சரி" என்றார். கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஊருக்கு வந்து மறுபடி வயல்தான். கரடியனாற்றில் தாய்வழி வந்த பூமியை உழுதார், பின்னேரம் தன் மலையில் இயந்திரத்தை ஏற்றினார். பிள்ளைகளைப் பற்றி நான் கேட்டால், "படிக்கிறாளுகள், இஞ்சயே வாழட்டும்" என்பார். குற்றமாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் காலம் தப்பிய மழையில் வட்டை தாழ்ந்து, வெட்டக் கிடந்த கதிர் முளைத்துப்போன வருசம் அவரே எனக்குத் தொலைபேசி எடுத்தார். வாவி பெருகி வீட்டுக்குப் போகிற ஒழுங்கைவரை வந்துவிட்டதாம். ஆற்றுவாயை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடு என்று வயல்காரர் நிற்க, இப்ப வெட்டாதே என்று மீன்பிடிகாரர் நிற்க, ஒரே சண்டையாம். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று கேட்டார். "மச்சாள், அங்க இப்ப எல்லாரும் நிப்பாட்டுறானுகளா?"

"ஓம் அத்தான். எல்லா லொறியும் தானா நிக்குது."

"அப்ப இஞ்ச ஏன் மழ நிக்குதில்ல?"

பகிடிக்குத்தான் கேட்டார். சிரித்தும்விட்டார். நாங்கள் குறைத்த புகை உண்மை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் புகை குறைந்தபோது நசிந்த ஆள் யார் என்பதும் உண்மை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. மனேஜர் இப்போது வேறொரு பள்ளத்தில் அதே வேலை செய்கிறார். நான் அதே கதிரையில் இருந்து அதே சொல்லைச் சொல்கிறேன். நிறுத்தவும். நிறுத்தவும்.

அத்தான் மாரடைப்பில் போனார். அவர் இயந்திரத்தை மேட்டில் ஏற்றிவிட்டு வந்து, தேத்தண்ணி கேட்டவர், குடிக்கவில்லை. செத்தவீட்டுக்கு என்னால் வந்து சேர முடியவில்லை, அந்தியேட்டிக்குத்தான் வந்தேன். கதவடியிலிருந்து இழுத்தெடுத்த கட்டையைக் கொண்டுபோய்த் திரும்பச் சில்லடியில் வைத்தேன். கியரில் விட்டிருந்ததால் இயந்திரம் அசையாமல் நின்றிருக்கிறது. கட்டையில் கட்டியிருந்த மஞ்சள் அட்டை இன்னும் அறவில்லை, எழுத்துத்தான் அழிந்துவிட்டது.

அந்தியேட்டி முடிந்த அடுத்த நாள் காலை மூத்த மகள் தலையை முடிந்துகொண்டு வளவுக்கு இறங்கினாள். பெரும்போகத்துக்கு வட்டையில் எல்லாரும் உழத் தொடங்கிவிட்டார்கள், இனியும் காத்திருக்க முடியாது, நானே மெசினைக் கொண்டுபோகிறேன் என்றாள். தகப்பனிடம் ஓட்டப் பழகியவள்தான். ஏறித் திறப்பைத் திருப்பினாள். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி டிக். ஒரு மாதமாக யாரும் எழுப்பாததில் பற்றரி செத்திருந்தது. மேட்டிலிருந்து உருட்டலாம் என்றால், போன வெள்ளம் அத்தானின் மலையில் பாதியைக் கரைத்துவிட்டது, மிஞ்சிய சரிவு போதாது.

"தள்ளத்தான் வேணும்" என்றாள் அக்கா. வெள்ளைச் சீலையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவளே முதலில் போய் நின்றாள். இளையவள் வந்தாள். நான் கட்டையை இழுத்து எடுத்துவிட்டு ஒரு கையில் அதோடு மறு கையை இயந்திரத்தின் பின்புறத்தில் கொடுத்தேன். ஆள் போதவில்லை. அக்கா ஒழுங்கைக்கு ஓடிப்போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சனம் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெட்டைகள், கடைக்காரர், வலையோடு வாவிக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் வலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். எல்லோரும் கை கொடுத்தோம். மணலில் சில்லு புதைந்தது, எழும்பியது, உருண்டது. மூத்தவள் கிளச்சை விட்டாள். இருமல் மாதிரி இரண்டு தரம், பிறகு டக்கு டக்கென்று பிடித்துக்கொண்டது.

படலைக்கு வெளியே போய் அவள் நிறுத்தினாள். இறங்கிப் படலையைச் சாத்தவேண்டும். பழக்கத்தில் கை திறப்புக்குப் போனது.

"நிப்பாட்டாத மகள்! நிப்பாட்டாதகா!" என்று கத்திக்கொண்டு அக்கா ஓடினாள். இத்தனை வருசமும் எண்ணெய்க்காக அத்தானை ஏசிய அதே அக்கா. படலையைத் தானே சாத்தினாள். சாத்திவிட்டும் மகளைப் போகவிடவில்லை. இயந்திரத்தின் சூடான மூடியில் கையை வைத்துக்கொண்டு, அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நின்ற இடத்திலேயே இஞ்சின் கறுப்பாகப் புகைவிட்டது. இப்படி நின்றபடி புகைக்கிற இஞ்சினைக் கண்டால் நிறுத்தச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் கட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படலைக்குள்ளே நின்றேன். நிறுத்து என்று சொல்லவில்லை.